யாரும் உட்காராத நாற்காலி ஏன் உரிந்தது?

உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போய் ஒரு நாற்காலியை வெளியே இழுத்துப் பாருங்கள். குஷனின் நடுப்பகுதியை விடுங்கள். முன்விளிம்பை, உட்காரும்போது தொடையின் பின்பக்கம் அழுந்தும் இடத்தை, விரலால் நன்றாகத் தடவுங்கள். கறுப்பாகவோ பழுப்பாகவோ பொடிப்பொடியாகச் செதில்கள் கையோடு வருகின்றனவா? வந்தால், உங்கள் வீட்டில் ஒரு வேதிவினை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது. தாத்தா வாங்கிய ஆறு தேக்கு நாற்காலிகள். மரத்துக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. குஷன்தான் அமுங்கிப்போய், துணி நைந்து கிடந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன், தீபாவளி வருவதற்குள் புது உறை போட்டுவிட வேண்டும் என்று வீட்டில் முடிவானது. துணியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "நீதான் அறிவியல் எழுதுகிறாயே, நீயே பார்த்து வாங்கு" என்றார் அப்பா.

கடையில் மாதிரிப் புத்தகங்களைப் புரட்டினேன். கறுப்பு நிறச் செயற்கைத் தோல் ஒன்று கண்ணில் பட்டது. தொட்டால் மெத்தென்று அசல் தோல் போலவே இருந்தது. ஈரத்துணியால் துடைத்தால் போதும், கறை போய்விடும் என்றார்கள். அட்டையின் பின்புறம் 'மார்ட்டின்டேல் 100,000' என்று அச்சிட்டிருந்தது. பக்கத்திலிருந்த பருத்தித் துணிக்கு 20,000தான். ஐந்து மடங்கு உழைக்கும் என்று கணக்குப் போட்டு, உடனே முன்பணம் கட்டினேன்.

மூன்றாம் ஆண்டு முடிவில் முன்விளிம்பில் மயிரிழை போல விரிசல் விட்டது. அடுத்த சில மாதங்களில் பாம்பு சட்டை உரிப்பது போல உரிய ஆரம்பித்தது. பாட்டி எழுந்திருக்கும்போதெல்லாம் சேலையின் பின்புறம் முழுக்கக் கறுப்புச் செதில். "என்னப்பா நாற்காலி இது? உட்கார்ந்து எழுந்தால் கரிமூட்டையில் சாய்ந்த மாதிரி இருக்கு" என்று தினமும் ஒரு முறையாவது சொல்லிவிடுவார்.

எல்லாரும் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆறாவது நாற்காலியை வெளியே எடுக்கும்வரை.

வீவக வீடுகளில் காப்பறை ஒன்று இருக்குமல்லவா? போர் வந்தால் ஒளிந்துகொள்ளக் கட்டியது. பெரும்பாலான வீடுகளில் பழைய சாமான் போடும் அறை. இடம் போதாமல் ஆறாவது நாற்காலியை அங்கேதான் வைத்திருந்தோம். உறை போட்டு வந்த நாளிலிருந்து அதில் யாரும் உட்கார்ந்ததே இல்லை. மேலே ஒரு பழைய போர்வைகூடப் போர்த்தியிருந்தது. போர்வையை எடுத்தபோது அதுவும் உரிந்திருந்தது. சொல்லப்போனால் மற்ற ஐந்தைவிட மோசமாக.

யாரும் தொடாத நாற்காலி எப்படித் தேயும்?

அட்டையில் இருந்த எண்

முதலில் அந்த 100,000 என்ற எண்ணைப் பார்ப்போம். அது பொய்யா? இல்லை. உண்மையான எண்தான்.

மார்ட்டின்டேல் என்பது ஒரு தேய்ப்புச் சோதனைக் கருவியின் பெயர். கம்பளித் துணிகள் எவ்வளவு உழைக்கும் என்பதை அளக்க 1940களில் இங்கிலாந்தில் உருவானது. சோதிக்க வேண்டிய துணியையும், தரம் வரையறுக்கப்பட்ட ஒரு கம்பளித் துணியையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எடை ஏற்றி, இயந்திரம் தேய்த்துக்கொண்டே இருக்கும். நேர்கோட்டில் மட்டும் தேய்த்தால் ஒரு திசை நூல்தான் அடிபடும். அதனால் அசைவு நேர்கோட்டில் தொடங்கி, நீள்வட்டமாகி, வட்டமாகி, மறுபடியும் நேர்கோட்டுக்கு வரும். இயற்பியலில் இதற்கு லிசாஜு வடிவம் என்று பெயர். நெய்த துணியில் இரண்டு நூல் அறும் வரை எத்தனை தேய்ப்பு என்று எண்ணுகிறார்கள்.

இருக்கைத் துணிகளுக்கு ஏற்றும் அழுத்தம் 12 கிலோபாஸ்கல். அது அதிகமா குறைவா? 60 கிலோ எடையுள்ள ஒருவர், சுமார் 0.12 சதுர மீட்டர் பரப்பில் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எடையை 9.8ஆல் பெருக்கிப் பரப்பால் வகுத்தால் 5 கிலோபாஸ்கல் அளவுக்கு வரும். அது சராசரிதான், இடுப்பு எலும்பு அழுந்தும் இடத்தில் இன்னும் அதிகமாக இருக்கும். ஆகவே 12 என்பது நியாயமான எண். வீட்டுச் சோபாவுக்கு 20,000, 25,000 தேய்ப்பு தாங்கும் துணி போதும் என்பதும், அலுவலகம், உணவகம் போன்ற இடங்களுக்கு 30,000க்கு மேல் வேண்டும் என்பதும் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. என் செயற்கைத் தோல் இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

இப்போது இன்னொரு கணக்கு. இந்த இயந்திரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 47 அல்லது 48 முறை தேய்க்கும். 100,000 தேய்ப்புக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வகுத்துப் பாருங்கள். சுமார் 35 மணி நேரம், ஒன்றரை நாள். அதுவும் எங்கே? துணிச் சோதனைக்கூடங்களில் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 65 விழுக்காடு என்று வைத்திருப்பார்கள். நம் ஊரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். வெயில் அடிக்கும் பிற்பகலில்தான் 60க்கு அருகே இறங்கும். ஆண்டு முழுவதும் இதே கதை.

அந்தப் பொருள் ஒன்றரை நாள் தேய்ப்பைத் தாங்கும் என்று எண் சொன்னது. மூன்று ஆண்டு சிங்கப்பூர்க் காற்றைத் தாங்குமா என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தண்ணீர் செய்த வேலை

நாம் செயற்கைத் தோல் என்று சொல்வது மூன்று அடுக்குப் பொருள். அடியில் ஒரு துணி. நடுவில் நுரை போன்ற ஓர் அடுக்கு. மேலே, தோல் போல வரியிட்ட மெல்லிய படலம். படலம் பாலியூரித்தேனால் ஆனது என்றால் கடைகளில் 'பியு லெதர்' என்பார்கள். பாலியூரித்தேனை 1937இல் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினார்கள். குஷனுக்குள் இருக்கும் பஞ்சு, காலணியின் அடிப்பகுதி, வண்ணப்பூச்சு, பசை என்று இன்று அது இல்லாத வீடு இல்லை.

பாலியூரித்தேன் சங்கிலியில் விறைப்பான பகுதிகளும் நெகிழும் பகுதிகளும் மாறி மாறி வரும். அந்த நெகிழும் பகுதிதான் தோலுக்கு மெத்தென்ற தன்மையைக் கொடுக்கிறது. விலை குறைந்த பல வகைகளில் அந்தப் பகுதி எஸ்டர் பிணைப்புகளால் கட்டப்பட்டது.

உயர்நிலை நான்கில் வேதியியல் படிப்பவர்களுக்கு எஸ்டர் தெரிந்திருக்கும். ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் சேரும்போது எஸ்டர் உண்டாகும். கூடவே ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். இந்த வினை இரு திசையிலும் போகக்கூடியது. வெளியே போன நீர் திரும்பி வந்தால், எஸ்டர் பிரிந்து பழையபடி அமிலமும் ஆல்கஹாலும் ஆகிவிடும். நீராற்பகுப்பு, அதாவது ஹைட்ரோலிசிஸ், என்பது இதுதான்.

என் நாற்காலியில் நடந்தது அதுவே. காற்றிலிருந்த நீராவி படலத்துக்குள் ஊடுருவி, சங்கிலிகளை ஒவ்வொரு கண்ணியாக வெட்டியது. சூடும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். இதில் மோசமான விஷயம் ஒன்று உண்டு. பிணைப்பு அறும் ஒவ்வொரு முறையும் உண்டாகிறதே அமிலம், அது அடுத்த பிணைப்பு அறுவதற்கு வினையூக்கியாகிறது. அதனால்தான் முதல் இரண்டு ஆண்டுகள் ஒன்றும் தெரியவில்லை. உரிய ஆரம்பித்த பிறகு மளமளவென்று உரிந்தது. நீளமான சங்கிலிகள் துண்டு துண்டானதும் படலத்துக்கு இழுவலிமை போய்விடுகிறது. அதன்பின் யாராவது உட்கார்ந்தால் உரியும். உட்காராவிட்டாலும், போர்வையை இழுத்த இழுப்பிலேயே உரியும்.

காப்பறை நாற்காலி ஏன் மற்றதைவிட மோசமானது என்பதும் இப்போது புரிகிறது. கூடத்தில் காற்றோட்டம் உண்டு, இரவில் சில மணி நேரம் குளிர்சாதனம் ஓடும், அது காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் இழுத்துவிடும். காப்பறையில் கதவைச் சாத்தினால் சாத்தியதுதான்.

இதே வினையை வேறு இடத்தில் நீங்கள் பார்த்திருக்கலாம். ஆசையாக வாங்கிய விளையாட்டுக் காலணியை, 'நல்ல நாளுக்குப் போடலாம்' என்று பெட்டியிலேயே வைத்திருந்து, சில ஆண்டுகள் கழித்து எடுத்துப் போட்டதும் அடிப்பகுதி பிட்டு மாதிரி உதிர்ந்த அனுபவம் உண்டா? குற்றவாளி அதே எஸ்டர்தான்.

ஒரு கூர்மையான கேள்வி

இதை ஒரு பள்ளிப் பட்டறையில் சொன்னபோது உயர்நிலை மூன்று மாணவி ஒருவர் கையைத் தூக்கினார். "பாலியஸ்டர் துணியிலும் எஸ்டர்தானே இருக்கிறது? என் பள்ளிச் சீருடை ஏன் உதிர்ந்து விழவில்லை?"

நல்ல கேள்வி. பாலியஸ்டர் என்ற பெயரே 'பல எஸ்டர்' என்பதுதான். 1941இல் வின்ஃபீல்டும் டிக்சனும் இங்கிலாந்தில் கண்டுபிடித்த அந்த இழையின் சங்கிலி முழுக்க எஸ்டர் பிணைப்பு. ஆனால் பிணைப்பு இருந்தால் மட்டும் போதாது. நீர் அதனிடம் போய்ச் சேர வேண்டும். பாலியஸ்டர் இழையை உருக்கி நீட்டி இழுக்கும்போது சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கமாக அடுங்கிப் படிகம் போல ஆகின்றன. சங்கிலியில் உள்ள பென்சீன் வளையங்கள் நீரை விரும்பாதவை, விறைப்பானவை. அறை வெப்பநிலையில் அந்தச் சங்கிலிகள் நெளிய முடியாது. நீருக்கு உள்ளே போக வழியே இல்லை.

பாலியூரித்தேனின் நெகிழும் பகுதி நேர்மாறு. எப்போதும் நெளிந்துகொண்டே இருக்கும் தளர்வான சங்கிலிகள், நடுவில் நீர் நுழைய நிறைய இடைவெளி. என் நாற்காலியைத் திருப்பிப் பார்த்தபோது மேல்படலம் முழுக்க உதிர்ந்திருந்தது. அடியிலிருந்த பாலியஸ்டர்த் துணி புத்தம் புதிதாக இருந்தது.

எல்லாப் பாலியூரித்தேனும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எஸ்டருக்குப் பதிலாக ஈதர் பிணைப்பு கொண்டவையும், பாலிகார்பனேட் வகையும் நீரை நன்றாகத் தாங்கும். நல்ல தயாரிப்பாளர்கள் இவற்றை 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 95 விழுக்காடு ஈரப்பதத்திலும் வாரக்கணக்கில் வைத்துச் சோதிப்பார்கள். இந்தத் தொழிலில் அதைக் 'காட்டுச் சோதனை' என்று சொல்வதுண்டு. வெப்பமண்டலக் காட்டின் புழுக்கத்தை நினைத்து வைத்த பெயர். கடையில் செயற்கைத் தோல் வாங்கினால், எத்தனை தேய்ப்பு என்று கேட்பதற்கு முன், நீராற்பகுப்புச் சோதனை எத்தனை வாரம் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

மறுபடியும் கடைக்கு

இந்த ஆண்டு மறுபடியும் ஆறு நாற்காலிக்கும் துணி எடுக்கப் போனேன். இம்முறை தொழிற்பேட்டை ஒன்றின் மூன்றாம் மாடியில் உள்ள சிறிய பட்டறை. சட்டத்தில் குஷனை வைத்து, துணியை இழுத்து ஸ்டேப்ளர் அடிக்கும் பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். என் செல்பேசியில் உரிந்த நாற்காலியின் படத்தைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். மலாயும் ஆங்கிலமும் கலந்து அவர் சொன்னதன் சாரம்: வருபவர்களில் பாதிப் பேர் இதற்குத்தான் வருகிறார்கள்.

அவர் எந்த அட்டையையும் படிக்கவில்லை. துணியை விளக்குக்கு எதிரே பிடித்தார். ஒளி புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் நெசவு தளர்வு. பிறகு கட்டைவிரல் நகத்தால் குறுக்கே ஒரு கீறு. பாவு நூலும் ஊடை நூலும் விலகி வழி விட்டால் அந்த மாதிரியை ஒதுக்கிவிட்டார். பளபளவென்று மின்னிய ஒரு துணி எனக்குப் பிடித்திருந்தது. அதில் ஊடை நூல் ஏழெட்டுப் பாவு நூல்களைத் தாண்டிய பிறகுதான் உள்ளே இறங்குகிறது. அந்தத் தாண்டல்தான் பளபளப்பு. அதே தாண்டல்தான் வளையல், கைக்கடிகாரம், பூனை நகம் எல்லாம் மாட்டிக்கொள்ளும் கண்ணியும். ஒன்று விட்டு ஒன்று ஏறி இறங்கும் சாதா நெசவு பார்க்கச் சுமார்தான், ஆனால் பிடித்து இழுக்க எதுவும் கிடைக்காது. சாப்பாட்டு நாற்காலிக்கு அதுவே போதும்.

பாட்டிக்குப் பருத்திதான் வேண்டும். "வெயில் ஊரில் பருத்தியை விட்டால் வேறென்ன?" என்பது அவர் வாதம். தவறில்லை. பருத்தியின் செல்லுலோசில் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைய. அவை நீரை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்ளும். சோதனைக்கூடக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் 8 விழுக்காடு வரை ஈரம் ஏந்தும். கம்பளி 16 வரை போகும். நைலான் சுமார் 4. பாலியஸ்டர் வெறும் 0.4. வியர்வையை உறிஞ்சுவதால் பருத்தியில் உட்கார்ந்தால் சுகம். ஆனால் அதே உறிஞ்சும் குணம் தேநீரையும் உறிஞ்சும். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். கழற்றித் துவைக்க முடியாமல் ஆணியடித்து இறுக்கிய உறைக்கு அது சரிவராது.

சரி, பாலியஸ்டரில் கறையே படாதா? தேநீர் முத்துமுத்தாக நிற்கும், துடைத்துவிடலாம். எண்ணெய் கதை வேறு. நீரை வெறுக்கும் இழை எண்ணெயை விரும்பும். நம் வீட்டில் சிந்துவது குழம்பு. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமின் நீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். ஆக, குழம்பின் எண்ணெய் மஞ்சளையும் ஏற்றிக்கொண்டு நேராக இழையிடம் போகும். உடனே சோப்பு நீரைத் தடவினால் கறை சிவப்பாக மாறி உங்களைப் பயமுறுத்தும். பயப்பட வேண்டாம். குர்க்குமின் காரத்தில் சிவக்கும் ஒரு நிறங்காட்டி. அலசினால் மறுபடி மஞ்சளாகிவிடும். மிச்சமிருக்கும் மஞ்சளை வெயிலில் காட்டினால் வெளுத்துப் போகும், ஏனென்றால் குர்க்குமின் ஒளியில் சிதையும். அம்மாக்களுக்குத் தெரிந்த இந்த வித்தைக்குப் பின்னால் இருப்பது ஒளிவேதியியல்.

லண்டன் சுரங்க ரயில் இருக்கைகளில் போடும் மொகெட் என்ற துணி 85 விழுக்காடு கம்பளி, 15 விழுக்காடு நைலான். கம்பளி எளிதில் தீப்பிடிக்காது. ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டும் மேலே உலர்ந்தே இருக்கும். நைலான் தேய்மானத்தைத் தாங்கும். அந்த ஊருக்கு அது பொருத்தம். நம் எம்ஆர்டியில் துணியே கிடையாது, வழவழப்பான பிளாஸ்டிக்தான். இரண்டுமே அந்தந்த இடத்துக்குச் சரி. எங்கள் வீட்டுக்குக் கம்பளி வேண்டாம் என்று நான் முடிவு செய்ததற்கு விலைதான் முதல் காரணம். அந்துப்பூச்சி இரண்டாவது.

பிவிசி உறையையும் பெரியவர் காட்டினார். அதன் முதன்மைச் சங்கிலியில் எஸ்டர் இல்லை, எனவே ஈரத்தால் உதிராது. ஆனால் பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை வளைய வைக்க எண்ணெய் போன்ற இளக்கி ஒன்றைக் கலப்பார்கள். ஆண்டுகள் போகப் போக இளக்கி மெல்ல வெளியேறும். தலைக்கு எண்ணெய் வைத்துச் சாய்பவர்கள், வியர்வைக் கையோடு பிடிப்பவர்கள் இருந்தால் அந்த இடம் இன்னும் சீக்கிரம் விறைத்து வெடிக்கும். தொடையில் ஒட்டிக்கொள்ளும் என்பது தனிக் குறை. குட்டைக் காற்சட்டையோடு உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

தீயைப் பற்றி ஒரு வார்த்தை. 1979 மே மாதம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஒரு பேரங்காடியின் அறைகலன் பிரிவில் தீப்பிடித்து 10 பேர் இறந்தார்கள். குஷன்களிலிருந்த பாலியூரித்தேன் நுரை கக்கிய நச்சுப் புகையே பெரும் எமனானது. 1988இல் அந்நாடு, இருக்கைத் துணிக்கும் நுரைக்கும் கடுமையான தீப் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தது. துணியைத் தீயில் காட்டி எந்த இழை என்று கண்டுபிடிக்கும் சோதனையை நீங்கள் இணையத்தில் பார்த்திருப்பீர்கள். அதை வீட்டில் செய்யாதீர்கள். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். ஆசிரியரும் புகை உறிஞ்சும் பெட்டியும் இருக்கும் பள்ளி ஆய்வுக்கூடத்தில் மட்டும் அது சரி.

சன்னலோரத்து நாற்காலி

எங்கள் கூடம் மேற்குப் பார்த்தது. மாலை நான்கு மணிக்குமேல் வெயில் நேராக ஒரு நாற்காலியின் மேல் விழும். சன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். மிச்சமும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சேர்ந்து சாய மூலக்கூறுகளை உடைக்கும்.

ஒளியைத் தாங்கும் திறனை நீலக் கம்பளி அளவுகோலில் 1 முதல் 8 வரை சொல்வார்கள். எட்டு விதமாக நீலச் சாயமிட்ட கம்பளித் துண்டுகளோடு வைத்து ஒப்பிடும் முறை. ஒவ்வொரு படியும் முந்தியதைவிட ஏறத்தாழ இரு மடங்கு தாங்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். 4க்கும் 6க்கும் வித்தியாசம் இரண்டு அல்ல, சுமார் நான்கு மடங்கு.

சாயம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கத்தரிக்காயை நறுக்கினால் தோல் மட்டும் ஊதா, உள்ளே வெள்ளை. பீட்ரூட்டை எங்கே நறுக்கினாலும் ஒரே நிறம். இழையை நெய்த பிறகு சாயம் ஏற்றினால் நிறம் வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும், கத்தரிக்காய்க்கு நெருக்கம். உருகிய நிலையிலேயே நிறமியைக் கலந்து இழையை இழுத்தால் பீட்ரூட். செயற்கை இழைகளுக்குத்தான் இது முடியும். வெளுப்பதும் குறைவு, தேய்ந்தாலும் நிறம் மாறாது.

எவ்வளவு துணி வேண்டும்?

இருக்கை 45 சென்டிமீட்டர் சதுரம். நான்கு பக்கமும் குஷனின் உயரத்துக்கு 5, அடியில் மடித்து அடிக்க 3. ஆக ஒரு துண்டு 45 + 16 = 61 சென்டிமீட்டர். துணிச் சுருளின் அகலம் 140. குறுக்கே இரண்டு துண்டு வரும். ஆறு நாற்காலிக்கு மூன்று வரிசை, 183 சென்டிமீட்டர். இரண்டு மீட்டர் வாங்கினால் போதும்.

ஆனால் பாட்டி கை வைத்தது பெரிய பூப்போட்ட துணியில். அதில் 40 சென்டிமீட்டருக்கு ஒரு முறை பூ திரும்ப வருகிறது. ஆறிலும் பூ ஒரே இடத்தில் விழ வேண்டுமென்றால் ஒவ்வொரு வரிசையும் 40இன் மடங்கில் தொடங்க வேண்டும். 61 என்பது 80 ஆகிவிடும். மூன்று வரிசைக்கு 240. பூவுக்காக அரை மீட்டருக்கும் மேல் கூடுதல் விலை. (இதை விளக்கியதும் பாட்டி, "பூ இல்லாமல் அது என்ன துணி?" என்றார். கணிதத்தால் எல்லாரையும் வெல்ல முடியாது.)

கடைசியில் எடுத்தது: உருகிய நிலையிலேயே நிறம் கலந்த பாலியஸ்டர், நெருக்கமான சாதா நெசவு, தேய்ப்பு எண் 40,000, ஒளித் தாங்கல் 6. கறிவேப்பிலைப் பச்சையும் பழுப்பும் கலந்த நூல். ஒரே நிறமாக இருந்தால் ஒரு சொட்டு ரசமும் தெரியும். கலந்த நூலில் கண் கறையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அது வேதியியல் இல்லை, சமாதானம். பாட்டிக்காகப் பூப்போட்ட பருத்தியில் மெல்லிய திண்டு ஒன்று, கயிறு வைத்துத் தைத்து, கழற்றித் துவைப்பது போல. இதில் ஒரு குறை எனக்குத் தெரிந்தே இருக்கிறது. பாலியஸ்டரில் கொஞ்ச நாளில் சிறு பஞ்சு உருண்டைகள் தோன்றும். பருத்தியிலும் தோன்றும், ஆனால் நலிந்த இழை சீக்கிரம் அறுந்து உருண்டை விழுந்துவிடும். வலிமையான இழை உருண்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். வலிமைக்குக் கொடுக்கும் விலை அது.

நீங்கள் செய்து பார்க்க

உறை மாற்றும் கடைகளிலும், அரப் ஸ்திரீட்டின் துணிக்கடைகளிலும், பணிவாகக் கேட்டால் ஓரத்தில் விழும் துண்டுகளைத் தருவார்கள். மூன்று நான்கு வகை சேகரியுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நீர், சற்றுத் தள்ளி ஒரு சொட்டு சமையல் எண்ணெய் விட்டு, ஐந்து நிமிடம் கழித்து இரண்டின் விட்டத்தையும் அளந்து எழுதுங்கள். எந்த இழை எதை விரும்புகிறது என்று அட்டையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். பாதியை அட்டையால் மூடி வெயில் படும் சன்னலில் ஒட்டி வையுங்கள். இதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். செயற்கைத் தோல் துண்டு கிடைத்தால், இரண்டாக வெட்டி ஒன்றைச் சிறிது நீர் ஊற்றிய மூடிய போத்தலுக்குள் தொங்கவிடுங்கள், நீரில் படாமல். மற்றதைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இன்னொரு போத்தலில் வையுங்கள். இரண்டையும் ஒரே அலமாரியில், தேதி எழுதி. இதில் மாதங்களும் போதாமல் போகலாம். உயர்நிலை ஒன்றில் தொடங்கினால் உயர்நிலை நான்கில் வேதியியல் ஆசிரியரிடம் காட்டலாம்.

எங்கள் வீட்டுச் சன்னலில் பச்சைத் துணித் துண்டு ஒன்று இரண்டு மாதமாகப் பாதி மூடியபடி ஒட்டியிருக்கிறது. நேற்று அட்டையைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு பாதிக்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பாட்டி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, மூடிய பக்கம் கொஞ்சம் கறுப்பாக இருப்பதாகச் சொல்கிறார். அட்டையை மறுபடி ஒட்டி, தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன்.